இடுப்புவரை ஏறும் காலுறை

போருக்குப் பயந்து ஜெர்மனிக்கு ஓடிவந்த எங்கள் வீட்டில், முதல் குளிர்காலத்திலேயே ஒரு காலுறையால் சண்டை மூண்டது.

பாதத்தில் தொடங்கி இடுப்புவரை ஏறும் தடித்த பருத்திக் காலுறை அது. ஸ்ட்ரும்ப்ஹோசே என்பார்கள். அந்த நாட்களில் அங்கே ஆண் பெண் என்றில்லாமல் சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் குளிருக்குக் காற்சட்டைக்குள் அதுதான். நாலு வயது மகனின் பாலர் பாடசாலை ஆசிரியை நீல நிறத்தில் ஒன்றைத் தந்து, இதைப் போட்டு அனுப்பினால்தான் பனியில் விளையாட விடுவேன் என்று சொல்லிவிட்டார். மற்றப் பிள்ளைகள் வெளியே உருண்டு புரள, இவன் யன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். பார்த்த எனக்கு அழுகை வந்தது.

என் கணவரோ அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது பொம்பிளைப் பிள்ளையளின்ர சாமான். என்ர மகனுக்குப் போட ஏலாது."

அதற்கு அவர் கண்ட மாற்று வழி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு காற்சட்டை. பெரிய விஞ்ஞானி. பிள்ளை முழங்காலை மடிக்க முடியாமல் புட்டுக்குழல் மாதிரி விறைத்துப்போய் நடந்தான். அன்றே, பாடசாலைக் கழிப்பறையில் இரண்டையும் கழற்றி முடிப்பதற்குள் காரியம் நடந்துவிட்டது.

மத்தியானம் அவனைக் கூட்டிவரப் போனவர் இவர்தான். உடுப்பு மாற்றும் இடத்தில் பையன்கள் எல்லாரும் பழுப்பிலும் பச்சையிலும் அந்தக் காலுறையோடு துள்ளித் திரிந்தார்களாம். நடுவில், முழங்காலில் ஒட்டுப்போட்ட இரவல் காலுறையோடு எங்கள் மகன். தலைமயிரெல்லாம் பனி. நனைந்ததைக் கழற்றிய ஆசிரியை, பாடசாலையில் இருந்த மாற்று உடுப்பைப் போட்டு அவனையும் வெளியே விட்டிருக்கிறார்.

"அப்பா, நான் பனிக்குள்ள விழுந்தனான்" என்று அவன் பெருமையாகச் சொன்னதை, இவர் வீட்டுக்கு வந்து அதே பெருமையோடு என்னிடம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த நீலத்தை எடும்" என்றார்.

மறுநாள் காலையில் அவரே முழங்காலில் நின்று மகனுக்கு அதைப் போட்டுவிட்டார். முன்பின் மாறி, குதிக்காலுக்கு வரவேண்டிய புடைப்பு பாதத்துக்கு மேலே நின்றது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பனி கரைவதற்கு முன் ஒருநாள், அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சேரும், உது பெரியாக்களின்ர அளவிலையும் இருக்கோ? அவன் என்னையும் பனிக்குள்ள விளையாடக் கூப்பிடுறான்."