கூடத்தில் இருந்த வெள்ளைக்காரர்

ஆழ்வார்பேட்டைப் பழம்பொருள் கடையில், அந்துருண்டை வாசனைக்கு நடுவே, சுருள் பொய்முடியும் தொலைநோக்கியுமாக நின்ற அந்தக் கால ஆங்கிலேய வானியலாளரின் அச்சுப்படத்தைப் பார்த்ததும், எப்போதோ இடிக்கப்பட்ட எங்கள் மயிலாப்பூர் வாடகை வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இதே மனிதர், அங்கே காலமான எங்கள் உறவினர்களின் பட வரிசையில் தொங்கினார். வெள்ளிக்கிழமை அம்மா எல்லோருக்கும் கண்ணாடிமேல் சந்தனம், குங்குமம் இடும்போது அவருக்கும் இடுவாள்.

"அவர் நம்மாத்து மனுஷர் இல்லையேம்மா!"

"வரிசையா எல்லாருக்கும் இட்டுண்டு வந்துட்டு, அவரை மட்டும் விட்டா நன்னாவாடா இருக்கும்?"

அப்பாவும் அம்மாவும் ஆபீஸிலிருந்து திரும்பும்வரை, மின்விசிறி கிறீச்சிடும் அந்தக் கூடத்தில், பள்ளிக்கூட வம்பையெல்லாம் அவரிடம்தான் சொல்வேன். வானத்தையே பார்த்திருந்த அவர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசியதில்லை, பிற்பாடு எனக்கு வாய்த்த நண்பர்கள் எவருக்கும் இல்லாத குணம் அது.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். இந்த வாரக் கதையை வீடுவரை அடக்கிவைக்க முடியவில்லை.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், என்னாண்டயா பேசிக்கினு கீற?"