சலவை அறையில் ஒட்டிய கடதாசி

எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே சலவை அறைதான். இலையுதிர் காலம் தொடங்கியதும் பிள்ளைகளின் கம்பளிச் சொக்ஸ் ஒவ்வொன்றாய்க் காணாமல் போனது. எங்களுக்கு அடுத்து உடுப்புத் தோய்க்கிற கீழ்வீட்டுச் சுவிஸ் மனிசியில்தான் எனக்குச் சந்தேகம். ‘எடுத்தவர் திருப்பி வைக்கவும்’ என்று ஜெர்மனில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டினேன். அது தனக்குத்தான் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். படியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன கிழமை ஹீற்றர் போட்டார்கள். எங்கள் பூனைகள் இரண்டும் சோபாவுக்குப் பின்னால் போய் ஹீற்றரோடு ஒட்டிக் கிடந்தன. சோபாவை இழுத்தேன். காணாமல் போன ஒன்பது சொக்ஸையும் மெத்தையாக்கி அதுகள் படுத்திருந்தன.

ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கடதாசியைக் கிழித்து எடுத்தேன். இப்போது படியில் முகத்தைத் திருப்புவது நான்தான்.