நாலு வருடம் காத்திருந்த இசைத்தட்டு

அந்த இசைத்தட்டு தைப்பொங்கலுக்கு வரும் என்றார்கள். பிறகு சித்திரை வருடப் பிறப்புக்கு என்றார்கள். பிறகு தீபாவளிக்கு என்றார்கள். எந்தத் தீபாவளி என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டோம். இப்படியே நாலு வருடம் போயிற்று.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து உருட்டுகிற ரோலர் இயந்திரத்தில் வேலை செய்து நின்றவன். படித்தது எட்டாம் வகுப்பு. இன்னொருவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், வேதக்காரர், டிக்கோயாப் பக்கம் வீடு. அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாமவர் ஹட்டன் டவுனில் ரேடியோ திருத்துகிறவர். மூன்று பேருக்கும் பழைய சினிமா இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியம். பஸ்ஸில் ஏறி ராகலை, டயகம என்று போய், யாராவது வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றால் பரணில் கிடப்பதைக் கேட்டு வாங்கி வருவோம். மழை விடாத மலைநாட்டில் தட்டு வைத்திருப்பதே ஒரு போராட்டம். உறைக்குள் பூஞ்சணம் ஏறிவிடும். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துத் துடைக்க வேண்டும்.

பாட்டுத் தட்டு யாரிடமும் இருக்கும். நாங்கள் காத்திருந்தது பாட்டுக்கு இல்லை. படத்தில் ஆட்கள் பேசாமல் நிற்கிறபோது பின்னால் ஒன்று வாசிப்பார்களே, அதற்கு. அதை அந்தக் காலத்தில் யாரும் தட்டாகப் போட்டதில்லை. படம் ஓடினால் கேட்கலாம், படம் போனால் அதுவும் போச்சு. எங்களுக்கு வேண்டிய படத்தின் சுருள் எங்கேயும் இல்லையாம். இசை நாடா மட்டும் சென்னையில் ஒரு வீட்டு அலுமாரியில் கிடைத்ததாம். ஒரு சின்னக் கம்பெனி அதைச் சுத்தம் செய்து கொஞ்சம் பிரதிகள் மட்டும் போடப்போவதாக, தட்டு சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மலேசியாவிலிருந்து, கொழும்பிலிருந்து, எங்கெங்கிருந்தோ ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒன்றுக்குக் கொடுத்தோம்.

அந்தப் படத்தை நான் நுவரெலியா தியேட்டரில் ஒரே தடவைதான் பார்த்தேன். அதில் ஒரு பெண் ஆற்றங்கரையில் புருஷனுக்காகக் காத்திருப்பாள். பேச்சே கிடையாது. ஒரு குழல் மட்டும் வரும். எத்தனையோ பாட்டு கேட்டிருக்கிறேன், கோயிலில் எத்தனையோ தேவாரம் கேட்டிருக்கிறேன், அந்தக் குழல் மாதிரி ஒன்று என்னை நிறுத்தி வைத்ததில்லை. இன்னொரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அவசரம் இருந்தது. ரோலர் சத்தத்திலேயே இருந்ததில் இடது காது நான் வேலையில் இருக்கும்போதே போய்விட்டது. தட்டு வரப்போகிறது என்று செய்தி வந்த வருடம் வலது காதும் மந்தமாகத் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டர் அம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, இது திரும்பி வராது, மெல்ல மெல்லப் போகும் என்றார். காதுக்கு மாட்டுகிற மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டினால் தகரக் கூரையில் விழுகிற மழை மலை சரிகிற மாதிரி கேட்கும், பக்கத்தில் இருக்கிற மனைவி பேசுவது கேட்காது.

ஆகவே தட்டு முந்துமா, காது முந்துமா என்பதுதான் என் கவலை. வெள்ளிக்கிழமை தோறும் முருகனிடம் இதைத்தான் கேட்டேன். வெட்கமாகவும் இருந்தது. நாங்கள் இருக்கிற லயத்து வீட்டில் கூரை ஒழுகுகிறது, மகளுக்கு உடம்பு சரியில்லை, கேட்க எவ்வளவோ இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாக, "அந்தத் தட்டையும் பாத்துக்க அப்பனே" என்பேன்.

குழுவில் கம்பெனிக்காரர் குரல் செய்திதான் அனுப்புவார். அது எனக்குப் புரியாது. மனைவி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, எனக்குக் கத்திச் சொல்வாள். என்னிடம் யாரும் கத்தித்தான் பேச வேண்டும்.

"நாடாவுல பூஞ்சணமாம். தொடச்சிக்கிட்டு இருக்காங்களாம்."

"போன மாசமும் அதத்தானே சொன்னாங்க?"

"நாலு வருசமா தொடைக்கிறாங்க. நா இந்த வீட்டயே அம்புட்டு தொடச்சதில்லீங்க."

ரேடியோக்காரர் இதைவிட மோசம். "அண்ணே, பொண்ணு பாத்துட்டு, ஊருக்குப் போயி கடுதாசி போடுறோம்னு சொல்வாங்களே, அந்த மாதிரி கம்பெனிண்ணே இது" என்பார். முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பும் வரவில்லை. குழுவில் சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஒருவர் இறந்தே போனார், அவருடைய மகன் வந்து செய்தி போட்டார். நான் ஃபோனைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, மழையில் நனைந்துகொண்டு மாஸ்டரும் ரேடியோக்காரரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மாஸ்டர் கையில், கட்டுகிற சாரத் துணியில் சுற்றிய சதுரமான ஒன்று. சென்னையிலிருந்து வந்த அவருடைய உறவுக்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பிளாஸ்டிக் தாள் இறுக்கி ஒட்டிய புதுத் தட்டு. அட்டையில் அந்த ஆற்றங்கரை.

நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரேடியோக்காரர் நேராக மூலையில் இருந்த என் பிளேயரிடம் போனார். "போட்டுருவோம்ணே."

நான்தான் தடுத்தேன். "இன்னிக்கி வேணாம். செவ்வாக்கெழம, அட்டமி வேற. வெள்ளிக்கெழம வெளக்கு வச்சிட்டுப் போடுவோம்."

"பாட்டு கேக்கவும் நாள் பாக்குற ஒரே மனுசன் நீங்கதாண்ணே!"

மாஸ்டர் சிரித்தார். "எங்க பாதர் கூட இவ்வளவு பாக்க மாட்டாரு. சரிப்பா, அண்ணன்தானே மொதல்ல கேக்கணும். அவரு சொல்ற நாளே நாள்."

அவர்கள் தட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமியிடம் வைத்துத்தான் எடுப்போம். சம்பளமானாலும் சரி, பிள்ளையின் பரீட்சைத் தாளானாலும் சரி. எங்கள் சாமி இருப்பது ஆசாரி செய்து தந்த கண்ணாடிக் கதவுப் பெட்டியில். தட்டு அதில் படுக்காது, பெரியது. ஆகவே நிறுத்தி, முருகன் படத்தில் சாய்த்து வைத்தேன். அதற்கு முன்னால் காமாட்சி விளக்கு. பிளாஸ்டிக் தாளின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வெள்ளி வரைக்கும் விளக்கு அணையக்கூடாது என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மூன்று நாளும் மழை. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்குமே என்று கண்ணாடிக் கதவை மூடினேன்.

"மூடாதீங்க, பொகையடிக்கும்" என்றாள் மனைவி.

"ஈரக்காத்து போகக்கூடாது" என்றேன். நாலு வருடம் பூஞ்சணம் பூஞ்சணம் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் வந்தார்கள். மனைவி உளுந்து வடை சுட்டிருந்தாள். நான் குளித்து, திருநீறு பூசி, கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைத் திறந்து தட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் தாள் சுருங்கி அட்டையை இழுத்துப் பிடித்திருந்தது. அட்டையே வில் மாதிரி வளைந்து நின்றது. ரேடியோக்காரர் என் கையிலிருந்து வாங்கி, தாளைக் கிழித்து, தட்டை வெளியே எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஒரு பக்கம் பொரித்த அப்பளம் போல அலை அலையாக இருந்தது.

மெதுவாகத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்.

"வெளக்குக்குப் பின்னாலயா வச்சீங்க?" என்றார் கடைசியில்.

"சாமிகிட்டதான் வச்சேன்."

"சாமிகிட்ட வச்சது சரிண்ணே. வெளக்குகிட்ட ஏண்ணே வச்சீங்க?"

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேருடைய தட்டு. இனி ஒன்று கிடைக்காது, எல்லாம் முன்பே பேசி முடித்தவை. ரேடியோக்காரரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"விடுப்பா" என்றார் மாஸ்டர். "எங்க வீட்டுலயும் மெழுகுவர்த்திக்கிட்ட பைபிள வச்சி ஓரம் கருகியிருக்கு. பக்திக்காரன் வீட்டுல இதெல்லாம் நடக்கும்."

ரேடியோக்காரர் பெருமூச்சு விட்டார். "ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சி பாரம் ஏத்துனா கொஞ்சம் நிமிரும். ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும். இல்ல, இப்பவே போட்டுப் பாக்கலாம். என்னாண்ணே செய்ய?"

இன்னும் ஒரு மாதம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்கவே தெம்பில்லை. "இப்பவே போடு" என்றேன்.

முதல் இரண்டு வாசிப்பிலும் ஊசி நிற்கவில்லை. அலையில் ஏறித் துள்ளித் துள்ளி விழுந்தது. ஆற்றங்கரை வாசிப்பு மூன்றாவது. அது தட்டின் நடுப்பக்கமாக இருந்ததால் அங்கே வளைவு குறைவு. ஊசி படகு மாதிரி ஏறி இறங்கினாலும் நின்றது. நான் மெஷினைச் சரிசெய்து, வலது காதை ஸ்பீக்கருக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டேன். நல்ல வேளை, மழை விட்டிருந்தது.

கேட்டது. தடித்த தந்தி ஒன்று மெதுவாக நடந்தது. எங்கேயோ ஒரு மத்தளம், விட்டு விட்டு ஒரு அடி. நன்றாகவே கேட்டது. நான் காத்திருந்தேன். தந்தி நடந்துகொண்டே இருந்தது. ஊசி பாதித் தூரம் வந்துவிட்டது.

"நா கெடுத்ததுல கொழலும் போச்சா மாஸ்டர்?" என்றேன். "எப்ப வரும்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ரேடியோக்காரரும் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் என் காதருகே குனிந்து சொன்னார். "வந்துக்கிட்டுதாண்ணே இருக்கு. ஆரம்பத்துலேருந்தே வருது."

ரேடியோக்காரர் எழுந்து பிளேயரில் எதையெதையோ திருகினார். சத்தத்தைக் கூட்டினார். தந்தி பெரிதாகியது, மத்தளம் நெஞ்சில் இடித்தது. குழல் இல்லை. கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் முதலில் போகும் என்று டாக்டர் அம்மா அன்றைக்கே சொன்னார். நான் அதை டீக்கோப்பைச் சத்தம், குருவிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். தட்டு கெட்டதால்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் பாவம் என்று சாமியிடம் விழுந்து கும்பிட்டிருப்பேன். இதற்கு யாரிடம் போய் விழுவது? கம்பெனிக்காரரும் வேண்டுமென்று செய்யவில்லை. ரோலரும் வேண்டுமென்று செய்யவில்லை.

வாசிப்பு முடிந்தது. ரேடியோக்காரர் ஊசியை எடுத்தார்.

"இன்னொரு தடவ போடுப்பா" என்றார் மாஸ்டர்.

"எதுக்கு மாஸ்டர், பாவம் அண்ணன்."

"போடுங்கிறேன்ல."

இந்த முறை மாஸ்டர் என்னை ஸ்பீக்கரிடம் விடவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, என் தலையைத் தன் பக்கம் இழுத்து, வலது காதில் வாயை வைத்துக்கொண்டார். அவர்களுடைய மாதா கோயில் கூட்டுப்பாட்டில் அவர் கீழ்க்கட்டையில் பாடுகிறவர். அந்தத் தடித்த குரலில், குழல் போகிற போக்கை, அது போகப் போக, 'ம்ம்' என்று பாடிக் காட்டினார். சில இடத்தில் மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் தப்பிப்போய்ப் பிடித்தார். மூச்சில் வடை வாசம்.

குழல் இல்லைதான் அது. ஒரு கிழவரின் தொண்டை. ஆனால் அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்காமல் நிற்கிறது என்பது தெரிந்தது. அவர் பாடி முடிக்கும் வரை நான் தலையை அசைக்கவில்லை. கழுத்து நன்றாக வலித்தது.