மழையில் விழுந்தார்

என் வாய் பொல்லாதது. "வாய்க்கொழுப்பு சீலையால வடியுது" என்று என் உம்மாவே சொல்லுவா. என் கணவர் இன்னும் ஒரு படி மேலே போவார். "உனக்கு வாய் ரெண்டு, காது அரை" என்பார். யார் எதைச் சொன்னாலும் முடியுமுன்பே எனக்கு விளங்கிவிடும். விளங்கியது பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரிலிருந்து கையில் அகப்பட்டதோடு வந்து புத்தளத்தில் ஒதுங்கிய ஆட்கள் நாங்கள். பிள்ளைகள் இல்லை. உப்பளத்தில் வேலை. அங்கே ஒரே ஒரு சொல்லுக்குத்தான் எல்லோரும் ஓடுவோம். யாராவது "மழை!" என்று கத்தினால் போதும், சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, தென்னோலைக் கிடுகைத் தூக்கிக்கொண்டு ஓடி உப்புக் குவியலை மூடுவோம். மலை என்ற சொல்லுக்கு எங்களிடம் ஒரு வேலையும் இருக்கவில்லை. மன்னாரும் தட்டை, புத்தளமும் தட்டை.

யுத்தம் முடிந்து கற்பிட்டிக் கரையில் ஹோட்டல்கள் முளைத்த நேரம், ஒன்றில் என் கணவருக்குச் சமையல் வேலை கிடைத்தது. முதலாளியிடம் சொந்தமாகச் சின்னப் பிளேன் ஒன்று இருந்தது. மலைநாட்டில் புதிதாக எடுத்த பங்களாவில் விருந்தாம், மீன் சமைக்க இவரும் பிளேனில் வர வேண்டுமாம். தலை நரைத்த மனுஷன், ஒரே சேர்ட்டை மூன்று தரம் அயன் பண்ணினார்.

"மலையப் பாத்துட்டு வந்து சொல்றன்" என்றார்.

"ஓம், ஓம். பொக்கட்டுல போட்டுக்கிட்டு வாங்க, நானும் பாக்க" என்றேன். அதுதான் அவரோடு நான் கதைத்த கடைசிக் கதை.

அன்று மத்தியானம் போன் வந்தது. பங்களாவின் சிங்கள டிரைவர். பிளேன் இறங்கும் இடத்தில் வேனோடு காத்து நின்றவன், முன்பு கற்பிட்டி ஹோட்டலில் இவரோடு வேலை செய்த சிநேகிதன், இவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுபவன். லைன் விட்டு விட்டுக் கேட்டது.

"அக்கா... நானா மலையில விழுந்த..."

அவன் நாக்குக்கு மலையும் மழையும் ஒன்று. என் காதுக்குத் தெரிந்ததோ ஒன்றுதான். இறங்கிப் போகும்போது மழையில் வழுக்கி விழுந்திருக்கிறார்! நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

"அந்த மனுஷன் மழையில விழாம வேற எங்க விழும்! தலையத் துடைக்கச் சொல்லுங்க தம்பி. கொத்தமல்லி அவிச்சிக் குடுங்க."

லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டு, வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். இங்கே ஒரு முகிலும் இல்லை. தடிமன் பிடித்துச் சளியோடுதான் வருவார் என்று கொத்தமல்லியை எடுத்து வறுக்கத் தொடங்கினேன்.

அந்த வாசம் வீடு முழுக்க நிற்கும்போதுதான் அவருடைய மூத்த சகோதரி, என் மதினி, தலையில் முக்காடுகூட இல்லாமல் ஓடி வந்தா. பிளேன் மலையில் மோதிவிட்டதாம். உள்ளே இருந்த ஒருவரும் தப்பவில்லையாம்.

அவரைக் கொண்டுவந்த பெட்டியைத் திறக்க விடவில்லை. முகம் பார்க்காமலே அனுப்பினேன். பிறகு இத்தா இருந்தேன், நாலு மாதமும் பத்து நாளும், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் ஓர் அறைக்குள். பெண்கள் வந்தார்கள், ஓதினார்கள், போனார்கள். எனக்குள் ஒன்று கிடந்து அரித்தது. அவர் மௌத்தான செய்திக்கு நான் சிரித்தேன். யா அல்லாஹ், இதை நான் யாரிடம் சொல்ல? மதினியிடமும் சொல்லவில்லை. இரண்டு வாய் இருந்தவள் ஒரு வாயும் இல்லாதவளாகிப் போனேன்.

மூன்றாம் மாதம் அந்த டிரைவர் வந்தான். வாசல் திரைக்கு வெளியே நின்று கதைத்தான்.

"அக்கா, என்ட தமிழ் சரியில்ல. மாப் பண்ணுங்க."

மதினி என் கையைப் பிடித்தா. குரல் வெளியே கேட்கக் கூடாது என்று கண்ணால் சொன்னா. நான் கையை உதறினேன்.

"உங்கட தமிழ்ல பிழையில்ல தம்பி. என்ட காதுதான் பிழை. நான் சிரிச்சிட்டன். அவர் மௌத்தாகிக் கிடக்க நான் சிரிச்சிட்டன்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டா.

"நான் அந்த மலைக்குக் கீழ நின்டுதான் போன் எடுத்த" என்றான். "மேல புகை தெரிஞ்ச. ஆனா நீங்க சிரிச்ச நேரம், அக்கா, நானா சாகல்ல மாதிரி எனக்கும் இருந்த. கொத்தமல்லி எங்க எடுக்கிறண்டு நானும் யோசிச்ச."