கால் முதலில் பிறந்த எங்கள் அப்பா

ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி எங்களை ஆளாக்கிய எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி எழுதும்படி தம்பிகள் சொன்னார்கள். அப்பாவுக்குப் பொறுமையா? அவ்வளவு பெரிய பொய் எனக்கு வராது. அவருடைய காலைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. மூட்டை தூக்குகிறவர்களிடம் இடுப்புப் பிடிப்புக்கா பஞ்சம்! ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஆட்கள் குப்புறப் படுத்திருப்பார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டே போவார். ஒரு டீகூட வாங்கமாட்டார். பெருமை மட்டும் தலைக்கு மேல் இருக்கும்.

செல்போன் வந்த புதிதில் எனக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பிள்ளையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை என்றார். அப்பாவின் கூட்டாளி காதர் மாமா மிட்டாயோடு வந்துவிட்டார்.

"மாமு, உன் காலுக்கு வாரிசு வந்துகினு கீது! இனிமே நமக்கு இன்னா கவல?"

அப்பா மிட்டாயைத் தட்டிவிட்டார். "போடா கஸ்மாலம்! என்னப் பெத்தவ என் மூஞ்சியக்கூட பாக்காம போய்ட்டாடா. என் பொண்ணுக்கும் அப்டி ஆவணுமா?"

ஊரே கொண்டாடிய காலுக்குள் இப்படி ஒரு பயம் இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அதோடு மிதிப்பதையும் நிறுத்திவிட்டார். "என்னப் பாத்துதான் உள்ள கீறவனும் கத்துக்கினான்" என்று விரட்ட, வளைந்து வந்தவர்கள் வளைந்தபடியே திரும்பினார்கள்.

சாயங்காலம் ஆனால் என் வயிற்றுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேரம் பேசுவார். "ராஜா, பேஜாரு பண்ணாதடா. தலைய கீழ வுடு. கப்பல் காட்டறேன்." உள்ளேயிருந்து ஓர் உதை விழும். "திமிரப் பாத்தியா!" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

பிள்ளை கடைசிவரை மசியவில்லை. ஆபரேஷன் என்றார்கள். ரத்தம் வேண்டும் என்றதும், மிதி கிடைக்காதவர்கள் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

ஆண் பிள்ளை. காதர் மாமா டாக்டரம்மாவை மறித்தார். "எது மொதல்ல வந்துச்சும்மா, காலா?"

"பின்பக்கம்."

மாமா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "அப்ப இவன் மிதிச்சா வேலைக்காவாது. மேல குந்தணும்."

அன்று ரத்தம் கொடுத்தவர்களுக்கும், கடைசி நாளில் அப்பாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் ஒரே ஆட்கள்தான்.

எனக்கு மயக்கம் தெளிந்தபோது பிள்ளை பக்கத்தில் கிடந்தான். வார்டே பார்த்துவிட்டதாம். அப்பா மட்டும் சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏம்ப்பா, பேரன பாக்கலியா?"

திரும்பாமலேயே சொன்னார். "மொதல்ல நீ அவன் மூஞ்சியப் பாரும்மா. அப்பால நான் பாக்கறேன்."