சுவரைத் தொடாத மேசை

பூங்குழலி அக்கா என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை "செருப்பு". கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்த்தார்.

"கழட்டிட்டு வாங்க. முடியலேன்னா வெளியவே நின்னு பார்த்துட்டுப் போங்க. அம்மா நடக்கற தரை."

நான் அவருடைய மேசையைப் பார்க்கப் போயிருந்தேன். மைசூரில், போனில் வாடிக்கையாளர் குறை கேட்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்குப் போய், லேப்டாப், மோடம், யுபிஎஸ், சார்ஜர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பாஸோ ஃபெயிலோ போட வேண்டும். அதற்கு டிகிரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது. கொள்ளேகாலில் பி.சி.ஏ. முடித்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு வீட்டு வாசலில் நிற்பது பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

குவெம்புநகரில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் ஒட்டிக் கட்டிய ஓர் அறையும் சமையலறையும்தான் அவர்கள் வீடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஜன்னல் கம்பியில் துணிக் கயிற்றில் தொங்கியது. அதிலிருந்து மேசைக்கும் மோடத்துக்கும் கட்டிலுக்கும் ஒயர்கள் தரையில் ஓடின. லேப்டாப் சார்ஜர் எது, போன் சார்ஜர் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரு சிக்கல். அதைத் தாண்டித்தான் அவருடைய அம்மா நாச்சம்மாள் வாக்கரை ஊன்றிக் குளியலறைக்குப் போனார். ஒவ்வொரு முறையும் வாக்கரின் கால் ஒயரில் மாட்டியது. அக்கா காதில் ஹெட்செட்டோடு எழுந்து, காலாலேயே ஒயரைத் தள்ளிவிட்டு, "சொல்லுங்க சார், லைன்லதான் இருக்கேன்" என்றார்.

நான் ஃபெயில் போட்டேன். ஒயர் தரையில் கிடக்கக் கூடாது, தொங்கவும் கூடாது என்பது விதி. சரியான மேசை எப்படி இருக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு படமும் கொடுத்திருந்தது. அதில் சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பட்டி அடித்து, ஒயரையெல்லாம் அதற்குள் விட்டிருந்தார்கள். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவனுக்குச் சொந்தச் சுவர் இருந்திருக்கும்.

"எந்த ஊருங்க நீங்க?" என்றார். என் பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"கோபிநத்தம்."

"நான் கௌதள்ளி. நம்ம பக்கத்து ஆளா இருந்துக்கிட்டு ஃபெயில் போடறீங்க. வெளியூர்க்காரன் வந்திருந்தா பரவால்ல, திட்டறதுக்காவது நல்லா இருந்திருக்கும்."

"நீங்க இப்பவும் திட்டிட்டுத்தான் இருக்கீங்க அக்கா."

"இது திட்டறதா? நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

கோபம் அவருக்குப் புதிதல்ல என்று போகப் போகத் தெரிந்துகொண்டேன். கௌதள்ளியில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். ஹனூரில் பி.ஏ. அங்கே "தமிழ்ப் பொண்ணு" என்றார்கள். மைசூருக்கு வந்து கம்பெனியில் தமிழ் அழைப்புகளை எடுக்கச் சேர்ந்ததும், "உனக்குத் தமிழே வரல" என்றார்கள். எல்லைப் பக்கத்துத் தமிழர்கள் நாங்கள் எல்லாரும் பேச்சோடு பேச்சாகக் கன்னடத்து 'அல்வா'வைச் சேர்த்துவிடுவோம். இல்லையா என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் ஒரு திருநெல்வேலிக்காரரிடம், "நீங்க ரீசார்ஜ் பண்ணிட்டீங்க அல்வா?" என்று கேட்டிருக்கிறார். "ஏம்மா, எங்க ஊருக்காரனுக்கே அல்வாவா?" என்று அந்த மனிதர் புகார் கொடுத்துவிட்டார். அலுவலகமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "அவரு வாய்க்கு நான் வேற என்னத்தக் குடுக்கறது" என்று அதற்கும் கோபப்பட்டார்.

மேசை விஷயத்தில் அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த சோதனையிலும் ஃபெயில் என்றால் வீட்டு வேலை ரத்து. தினமும் அலுவலகத்துக்கு வர வேண்டும். அம்மா கீழே விழுந்து இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். தனியாக விட்டுவிட்டு வர முடியாது. வராவிட்டால் வேலை இல்லை. பட்டி அடிக்கலாம் என்றால் வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி குடிவந்த அன்றே ஒன்று சொல்லியிருந்தார்: சுவரில் ஓர் ஆணி இறங்கினாலும் அன்றைக்கே காலி.

"கம்பெனி ஓட்டை போடுங்குது. ஓனரு போடாதேங்கறாரு. நடுவுல நான் என்ற தலையிலதான் போட்டுக்கணும்" என்றார் அக்கா.

சிவராம்பேட்டைக் கடையில் பசை வைத்த கொக்கிகளும் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பும் வாங்கி வந்து, ஒயர்களையும் மோடத்தையும் துளை போடாமல் சுவரில் ஒட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆடி மாத மழை, ஓதம் ஏறிய சுவர். ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கொக்கிகள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்தன. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் பெயர்ந்து வந்தது. மோடம் விழுந்து லைன் அறுந்தது.

எனக்குப் போன் வந்தது. "மதனு, உங்க கம்பெனி ரூலு இப்ப என்ற மடியில விழுந்து கெடக்குது. வந்து பொறுக்கிட்டுப் போங்க."

நான் போவதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "செவுரு வேண்டாம். செவுரு அவங்களுது. மேசை என்னுது. எல்லாம் மேசையிலயே இருக்கட்டும்."

பழைய சாமான் கடையில் வாங்கிய, இரும்புக் கால் வைத்த மேசை அது. வெங்காயம் போட்டு வைத்திருந்த கம்பிக் கூடையைக் காலி செய்து, மேசைப் பலகையின் விளிம்பில் பெரிய காகிதக் கிளிப்புகளை மாட்டி, அவற்றில் கூடையை அடிப்பக்கமாகத் தொங்கவிட்டார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சார்ஜர்களும் கூடைக்குள் போயின. அம்மாவின் பழைய இடுப்புப் பெல்ட்டில் இருந்த ஒட்டுப்பட்டியைக் கீற்றாக வெட்டி, மிச்ச ஒயரைச் சுருட்டி மேசைக் காலோடு கட்டினார். மோடத்தையும் யுபிஎஸ்ஸையும் கீழே இருந்த குறுக்குக் கம்பியில் உட்காரவைத்தார். எந்தச் சார்ஜர் எதற்கு என்று தெரிய, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிற நகப்பூச்சு. மேசையிலிருந்து வெளியே போனது இரண்டே ஒயர்: கரண்டுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று. அவையும் கட்டிலுக்குப் பின்னால் ஓடின. வாக்கர் போகும் வழி சுத்தமாகிவிட்டது. நாச்சம்மாள் ஒருமுறை போய்த் திரும்பி வந்து, "இப்பத்தான் இது ஊடு" என்றார்.

இரண்டாம் சோதனைக்குப் போன அன்று நான் மேசையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு அழைப்பில் இருந்தார். கதவு திறந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் பின்பக்கம் வந்த நஞ்சுண்டசாமி வாசலில் ஒரு காலை உள்ளே வைத்து நின்றார். பெயிண்ட் போன இடத்தையும், சுவரில் கறுத்துப்போயிருந்த பசையையும் பார்த்துவிட்டார்.

"ஏனம்மா இது? கோடெ எல்லா அண்ட்டு ஆகோய்த்தல்லா" என்றார்.

சுவரெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டதே என்று அர்த்தம். மைசூரில் அண்ட்டு என்றால் கோந்து, பசை. ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தீட்டு. கூலி வேலைக்குப் போன வீடுகளில் நாச்சம்மாள் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அவர் அதை அந்த ஒரு அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறார்.

அவர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். "என்னங்க சொன்னீங்க? நாங்க குடியிருந்தா செவுரு அண்ட்டாயிருமா? என்ற புள்ள தெனமும் கூட்டித் தொடச்சு வெக்கற ஊடு இது. அங்கிருந்து இத்தன தூரம் வந்தும் இதே பேச்சா?"

நஞ்சுண்டசாமிக்குத் தமிழ் அரைகுறை. "என்ன சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் நடுவில் புகுந்தேன். "அம்மா, அவர் கோந்தைச் சொல்றாருங்க. ஒட்டற பசை." பிறகு கன்னடத்தில் அவரிடம், "நீங்க தீட்டுன்னு சொன்னதா நெனச்சுட்டாங்க சார். தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். அதோடு விட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். எல்லாரும் சிரித்திருப்போம். நாச்சம்மாள்கூடச் சிரித்திருப்பார், அவர் முகம் தளர ஆரம்பித்திருந்தது. ஆனால் அந்த மனிதரின் சிரிப்பு பாதியில் நின்றது. நாச்சம்மாளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சமையலறைப் பக்கம் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய வீட்டுப் பூஜை அறை.

"அப்படி நினைச்சுக்கற அளவுக்கு..." என்று கன்னடத்தில் இழுத்தார். "நீவு யாவ ஜன?"

நீங்கள் எந்த ஜனம். சாதியை எங்கள் பக்கம் இப்படித்தான் கேட்பார்கள்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "மொதல்லயே கேட்டிருக்கணும். வெஜ்ஜான்னு மட்டும் கேட்டுட்டு விட்டுட்டேன், என் தப்பு" என்று அவரே சொல்லிக்கொண்டார். வீட்டுக்குள் வைத்திருந்த ஒரு காலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன். கோந்து என்று அவருக்காகப் பரிந்து பேசிய என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஹெட்செட்டில் யாரோ கத்திக்கொண்டிருந்தார். "உங்க சிரமம் எனக்குப் புரியுது மேடம்," என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "இப்பவே சரி பண்ணித் தரேன் மேடம்." குரல் பிசகவில்லை. கை மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. எதற்கும் கோபப்படுகிற மனுஷி, கோபப்பட வேண்டிய அந்த ஒரு நேரத்தில் யாரோ ஒரு மேடத்துக்காகப் பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது. அது அன்றைய கடைசி அழைப்பு. முடித்து, நன்றி சொல்லி, ஷிஃப்டை முடித்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினார்.

அலமாரியிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற பாட்டிலை எடுத்தார். பஞ்சில் நனைத்துச் சுவரில் இருந்த பசையைத் துடைத்தார். மெதுவாக, ஒவ்வொரு கறையாக. நஞ்சுண்டசாமி போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. துடைத்து முடித்ததும் அக்கா நகர்ந்து நின்று, நல்ல கன்னடத்தில் சொன்னார்:

"அண்ட்டு போயிருச்சு சார். வந்து தொட்டுப் பாருங்க."

அவர் வரவில்லை.

"தொட்டுப் பாருங்க சார். உங்க செவுருதானே."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. மாசக் கடைசிவரைக்கும் இருந்துட்டு..."

"மாசக் கடைசி எதுக்கு? பெயிண்டுக்கு ஆளக் கூப்பிட்டுக்கங்க. நாங்க இன்னைக்கே போறோம்."

நான் பயந்துபோனேன். "அக்கா, காலைல எட்டு மணிக்கு லாகின். லைன் இல்லேன்னா வேலையே போயிரும். அவசரப்படாதீங்க."

"அந்த ஆளு வெளிய நின்னு பாக்கற ஊட்டுக்குள்ள நான் உக்காந்து யாருக்கு சார் மேடம் சொல்லணும்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "லேப்டாப்பத் தூக்கு மதனு."

அலுவலகத்தில் அக்காவோடு வேலை செய்யும் வினிதா ஹூட்டகள்ளியில் இருந்தார். கூப்பிட்டதும் சரக்கு ஆட்டோ ஒன்றை அனுப்பிவைத்தார். சுவரிலிருந்து கழற்ற அந்த வீட்டில் எங்களுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஒயரைப் பிடுங்கினோம். கூடையும் சார்ஜரும் மோடமும் அப்படியே இருக்க, மேசையை நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனோம். நாச்சம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க, "கோந்துன்னா கோந்துன்னு சொல்றது" என்று முனகிக்கொண்டே வந்தார். நஞ்சுண்டசாமி அப்புறம் கேட்ட கேள்வி அவருக்குப் புரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். புரிந்திருந்தது. புரியாத மாதிரி இருக்க அவருக்குப் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வினிதா வீட்டு முன்னறையில் மேசையை இறக்கினோம். அவருடைய இணைப்பிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, பிளக்கைச் சொருகினோம். மோடத்தில் விளக்கு எரிந்தது. அங்கேயே படம் எடுத்துப் பாஸ் போட்டேன். முகவரி மாறியதற்குக் காரணம் கேட்டார் என் மேலாளர் செந்தில்நாதன். சொன்னேன்.

"அதெல்லாம் எழுத வேண்டாம்ப்பா. ஓனர் பிரச்சினைன்னு போடு" என்றார்.

நான் படித்த படிப்புக்கு நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும். அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் போட்டேன். வேலை அக்காவுடையது, என் ரோஷத்துக்கு அதைப் பணயம் வைக்க முடியாது. காலையில் எட்டு மணிக்கு அக்கா லாகின் செய்தார்.

பூங்குழலி அக்கா இப்போது ஹூட்டகள்ளியில், வினிதா வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் கேட்பதற்கு முன்பே தாங்கள் எந்த ஜனம் என்று சொல்லிவிட்டுத்தான் சாவி வாங்கினார். அதே கம்பெனியில் தமிழ் அழைப்புகளை எடுக்கிறார். நாச்சம்மாள் வீட்டுக்குள் வாக்கர் இல்லாமல் நடக்கிறார்.