கை விடாத ஒரு மூட்டை

கருணாகரனோடு ஒன்பது வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மனிதரால் ஐந்து நிமிஷம் சும்மா இருக்க முடியாது. தி.நகர் உஸ்மான் சாலைக்குப் பின்னால் எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ். எந்தச் சரக்கு எந்த வகுப்பு என்று எழுதுவது அவர் வேலை. அதற்காக ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பார். வீணை உறையா, ஸ்கூட்டர் உறையா, கார் மூடும் கித்தானா, எதையும் விடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தார்ப்பாய் என்றால் கேள்வி இன்னும் கூடும். வெறும் கித்தான் என்றால் சாதாரணத் துணி வகுப்பு. எதனோடும் சேர்த்து ஏற்றலாம். எண்ணெய் பூசியது என்றால் ஆபத்து வகுப்பு, வாடகையும் அதிகம். காற்றுப் பட, தனியாக, எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். எண்ணெய் காயாமல் மடித்துக் கட்டினால் உள்ளே தானாகவே சூடேறும். தீக்குச்சி வேண்டியதில்லை.

எழுபத்து மூன்று ஐப்பசியில் ஒரு நாள், தனபாலன் பன்னிரண்டு தார்ப்பாய் மூட்டைகள் கொண்டுவந்தார். கருணாகரனுக்குத் திருநெல்வேலியில் பக்கத்துத் தெருக்காரர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"வெறும் கித்தான்தாம்ல. எழுது" என்றார்.

கருணாகரன் கை மூட்டைவரை போனது. பிறகு பேனாவை எடுத்துத் 'துணி' என்று எழுதியது. சொந்த ஊர்க்காரர் மூட்டையில் கை விட்டுப் பார்ப்பது, அவர் முகத்துக்கு நேரே பொய்யன் என்பதுபோல ஆகிவிடுமாம். டிரைவர் ஜவஹர் அவற்றைச் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே வைத்து ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு கருணாகரன் உட்காரவே இல்லை. உள்ளங்கையை முகர்ந்தார். தனபாலனை வழியனுப்பும்போது அவர் கையைப் பிடித்த கை. என்னிடமும் நீட்டினார். எண்ணெய் வாடைதான். வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா வெயிலே கெடையாதே அம்பி! எங்க வச்சுக் காயவச்சிருப்பாரு?"

சட்டையைக்கூட மாற்றாமல் மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஓடினார். இந்தப் பித்துக்குளியைத் தனியே விட மனம் வராமல் நானும் ஓடினேன். ஜவஹர் தாம்பரத்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் நெடுஞ்சாலை ஏறுவார். அதற்குள் பிடிக்க வேண்டும். மின்சார ரயிலில் கருணாகரன் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"ஒண்ணும் ஆகியிருக்காது ஓய். திரும்பிப் போயிடலாம்" என்று நானே இரண்டு தரம் சொன்னேன். சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

லாரி ஓட்டல் வாசலில் நின்றது. ஜவஹர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இம்மாந்தூரம் வந்துகினு கீற?"

கருணாகரன் நேரே லாரியில் ஏறிவிட்டார். சாக்குக் கட்டுகளைத் தள்ளி, நடு மூட்டையின் கயிற்றை அறுத்துக் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மூன்று பேருமாக அதை ரோட்டில் தள்ளிப் பிரித்தோம். உள் மடிப்பு கருகிப் பழுப்பேறி, மெல்லப் புகைந்தது.

ஜவஹர் கருகிய மடிப்பைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"யாரு இத்த சாதா துணின்னு எழுதுனது?"

"நான்தான்" என்றார் கருணாகரன்.

ஜவஹர் திரும்ப லாரிக்குப் போனார். ஏறி, மிச்சமிருந்த பதினொரு மூட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் தனபாலன் புதுச் சரக்கோடு வந்தார். கருணாகரன் எழுந்து போய்க் கயிற்றைத் தளர்த்தினார்.

"ஏலே, என் மூட்டையிலயே கைய விடுதியா?"

"போன வாரமே விட்டிருக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்டிருந்த கையை முழங்கைவரை உள்ளே விட்டார்.